வகுப்பறையிலிருந்து அரசாங்க சபை வரை: மர்ஹூம் ரி. பி. ஜாயா

கொழும்பு மருதானைப் பக்கமாகப் போகும் பஸ் வண்டியிலிருந்து வெளியே பார்த்தால் ரி. பி. ஜாயா மாவத்தை என்ற பெயர்ப் பலகை கண்ணில் படும். முன்னர் டார்லி வீதி என்று வழங்கிய தெரு அது. பெரியவர்கள் பலரின் வாயில் இன்றும் வருவது அந்தப் பழைய பெயர்தான். கொம்பனித்தெருவில் அவர் பெயரைத் தாங்கிய ஸாஹிராக் கல்லூரி ஒன்று இருக்கிறது. சுதந்திரத்துக்காக உழைத்த தேசியத் தலைவர்களின் படங்களை வரிசையாக வைக்கும்போது துருக்கித் தொப்பி அணிந்த அவருடைய படமும் அவற்றுள் ஒன்றாக இடம்பெறும். நம்மில் பலர் அவரைப் பற்றி அறிந்திருப்பது ஏறக்குறைய இவ்வளவுதான்.

சட்டநிரூபண சபை உறுப்பினர், அரசாங்க சபை உறுப்பினர், பாராளுமன்ற உறுப்பினர், அமைச்சர், உயர்ஸ்தானிகர் என்று அன்னார் வகித்த பதவிகளைப் பட்டியலிடுவது எளிது. ஆனால் எழுபது ஆண்டுகள் வாழ்ந்த அந்தப் பெரியாரின் வாழ்வில் ஏறத்தாழ முப்பத்தெட்டு ஆண்டுகள் பாடசாலைகளிலேயே கழிந்தன. சட்டசபைக்குப் போன பின்னரும் இரண்டு தசாப்தங்களுக்கு மேலாக அவர் அதிபர் பதவியை விடவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு அரசியலுக்குப் போனவர் என்று அவரைச் சொல்வதைவிட, பள்ளிக்கூடத்தையும் கூடவே அழைத்துக்கொண்டு அரசியலுக்குப் போனவர் என்று சொல்வதே பொருந்தும். ஆசிரியர் ஜாயாவை அறியாமல் அரசியல்வாதி ஜாயாவை விளங்கிக்கொள்ள முடியாது.

கலகெதரவிலிருந்து முகத்துவாரம் வரை

துவான் புர்ஹானுதீன் ஜாயா 1890 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாம் திகதி கலகெதரவில் ஒரு மலாய்க் குடும்பத்தில் பிறந்தார். ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் படைவீரர்களாகவும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து இங்கு வந்து சேர்ந்தவர்களின் வழித்தோன்றல்களே நம் நாட்டு மலாய் மக்கள். இலங்கை முஸ்லிம்களுள்ளும் அவர்கள் சிறு தொகையினர். சிறுபான்மைக்குள் ஒரு சிறுபான்மையில் பிறந்தவர் பிற்காலத்தில் முழு முஸ்லிம் சமூகத்துக்காகவும், பின்னர் நாடு முழுவதற்குமாகவும் பேசினார் என்பது நினைவில் வைக்கத்தக்கது.

அக்காலத்தில் முஸ்லிம் பிள்ளைகளின் கல்வி நிலை மிகவும் பின்தங்கியிருந்தது. ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷனரிமாரின் கையில் இருந்தது. அங்கே அனுப்பினால் பிள்ளைகள் மார்க்கத்தை விட்டுவிடுவார்களோ என்று பெற்றோர் அஞ்சினர். அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் அதற்குச் சமூகம் கொடுத்த விலை பெரிது. வைத்தியர், வழக்கறிஞர், அரச உத்தியோகத்தர் என்று மற்றச் சமூகத்தவர் முன்னேறிக்கொண்டிருக்க, நம்மவர் பெரும்பாலும் வியாபாரத்தோடும் விவசாயத்தோடும் நின்றுவிட்டனர்.

சிறுவன் ஜாயா கண்டியில் சென் போல்ஸ் பாடசாலையில் படித்தார். பதின்மூன்றாவது வயதில் புலமைப்பரிசில் பெற்றுக் கொழும்பு சென் தோமஸ் கல்லூரியில் சேர்ந்தார். இரண்டும் அங்கிலிக்கன் திருச்சபையின் பாடசாலைகள். சென் தோமஸ் அப்போது கல்கிசைக்கு மாறியிருக்கவில்லை. கொழும்பின் வடகோடியில் முகத்துவாரத்தில் இருந்தது. வார்டன் ஸ்டோன் அதன் தலைவராக இருந்த காலம் அது. இலத்தீனும் கிரேக்கமும் அங்கு சிறப்பாகக் கற்பிக்கப்பட்டன. அந்தப் பண்டைய மொழிகளில் ஜாயாவுக்கு ஏற்பட்ட ஈடுபாடு பிற்காலத்தில் அவருடைய தொழிலாகவே ஆனது. பின்னாளில் நாட்டின் முதற் பிரதமரான டி. எஸ். சேனாநாயக்காவும், அவருக்குப் பின் பிரதமர் பதவி வகித்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவும் அதே கல்லூரியின் பழைய மாணவர்களே.

பெற்றோர் பலர் அஞ்சிய அந்தப் பாடசாலைச் சூழலில் படித்தும் அவர் மார்க்கத்தை விட்டு விலகவில்லை. ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அத்தகைய வாய்ப்பும் புலமைப்பரிசிலும் கிடைப்பதில்லை. எனவே மார்க்கத்தையும் நவீன கல்வியையும் ஒரே கூரையின் கீழ்த் தரும் பாடசாலை ஒன்று தேவை என்பதற்கு அவருடைய சொந்த வாழ்வே சாட்சியாக இருந்தது.

பிறர் பாடசாலைகளில் ஆசிரியராக

1910 ஆம் ஆண்டில் கண்டி தர்மராஜ கல்லூரியில் ஜாயா ஆசிரியப் பணியைத் தொடங்கினார். அது பௌத்தர்களின் பாடசாலை. அப்போது அவருக்கு வயது இருபது. பின்னர் மொறட்டுவை பிரின்ஸ் ஒப் வேல்ஸ் கல்லூரியில் கற்பித்தார். ஆசிரியராக இருந்துகொண்டே இலண்டன் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை வெளிவாரியாகப் படித்துப் பெற்றார். பகலில் வகுப்பு, இரவில் படிப்பு. இலங்கையில் பல்கலைக்கழகம் இல்லாத அந்நாளில் வசதியற்றவர்களுக்குப் பட்டதாரியாக வேறு வழி இருக்கவில்லை.

1917 ஆம் ஆண்டில் கொழும்பு ஆனந்தாக் கல்லூரியில் சேர்ந்தார். இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1915 ஆம் ஆண்டிலேதான் கண்டியில் தொடங்கி நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவிய சிங்கள முஸ்லிம் கலவரம் நடந்தது. கடைகள் எரிந்தன. பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன. உயிர்கள் போயின. ஆங்கில அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்துச் சிங்களத் தலைவர்கள் பலரைச் சிறையிலிட்டது. அந்தக் காயம் இரு பக்கத்திலும் ஆறாதிருந்த நேரத்தில், பௌத்த மறுமலர்ச்சியின் கோட்டையாக விளங்கிய ஆனந்தாவில் ஒரு முஸ்லிம் ஆசிரியர் வகுப்பெடுக்கப் போனார். கல்லூரியும் அவரை ஏற்றுக்கொண்டது.

ஆனந்தாவின் அதிபராகப் பின்பு பொறுப்பேற்ற பி. டி. எஸ். குலரத்ன அந்தக் கல்லூரியை மிக வேகமாக வளர்த்தவர். பின்தங்கிய ஒரு சமூகம் தன் பாடசாலையைத் தானே கட்டியெழுப்புவது எப்படி என்பதை ஜாயா அங்கே பக்கத்திலிருந்து கண்டார். நன்கொடை திரட்டுவது, நல்லாசிரியர்களைத் தேடிப் பிடிப்பது, தம் பண்பாட்டில் பெருமை கொள்ளச் செய்வது, அதே வேளை பரீட்சைகளிலும் விளையாட்டிலும் மிஷனரிப் பாடசாலைகளுக்கு ஈடுகொடுப்பது ஆகிய அனைத்தும் அங்கே நடந்தன. அங்கிலிக்கன் பாடசாலை அவருக்குக் கல்வியைக் கொடுத்தது. பௌத்த பாடசாலை அவருக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்தது. இவ்விரண்டையும் கொண்டுபோய் அவர் ஒப்படைத்த இடம் ஸாஹிரா.

ஸாஹிராவின் அதிபர்

மருதானைப் பள்ளிவாசலையொட்டி 1892 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது ஸாஹிரா. அறிஞர் சித்திலெப்பை, வள்ளல் வாப்பிச்சி மரைக்கார், எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இங்கு வாழ்ந்த ஒராபி பாஷா ஆகியோரின் முயற்சியில் மதரஸாவாக உருவானது அது. சித்திலெப்பை முஸ்லிம் நேசன் என்ற பத்திரிகையை நடத்தியவர். கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கெனப் பாடசாலை தொடங்கியவரும் அவரே என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அப்பெரியார் 1898 இல் மறைந்தார். அவர் நட்ட கன்று வாடாமல் நின்றதே தவிரப் பெரிதாக வளரவில்லை.

1921 ஆம் ஆண்டில் ஜாயா ஸாஹிராவின் அதிபராகப் பதவியேற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. பாடசாலையில் இருந்த மாணவர் தொகை அறுபதைத் தொடவில்லை. ஆசிரியர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆனந்தாவில் நல்ல நிலையில் இருந்த ஒருவர் இப்படியொரு பாடசாலைக்கு வருவது என்றால், அதைப் பதவி உயர்வு என்று சொல்வதா, சோதனை என்று சொல்வதா?

அவருக்கு முன் இரண்டு வேலைகள் இருந்தன. முதலாவது, பிள்ளைகளை அனுப்பும்படி பெற்றோரை இணங்க வைப்பது. மார்க்கம் கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கு ஸாஹிராவே விடையாக இருந்தது. அங்கே தொழுகை உண்டு, குர்ஆன் உண்டு, ஆங்கிலமும் கணிதமும் விஞ்ஞானமும் உண்டு. ஆனால் வாப்பாவின் கடையில் கை உதவிக்கு நிற்க வேண்டிய மகன் பத்து ஆண்டுகள் பாடசாலையில் இருப்பதால் என்ன பயன் என்று கேட்ட பெற்றோருக்கு வாய்ச் சொல் போதாது. படித்து வெளியேறிய பிள்ளைகளைக் காட்டித்தான் விடை சொல்ல முடியும். அதற்கு ஆண்டுகள் வேண்டும், பொறுமை வேண்டும். இரண்டாவது வேலை பணம் திரட்டுவது. கட்டடம், விஞ்ஞான கூடம், நூலகம், விளையாட்டு மைதானம் எல்லாவற்றுக்கும் சமூகத்தின் செல்வந்தரிடமே போக வேண்டியிருந்தது.

இருபத்தேழு ஆண்டுகள் அவர் அந்தப் பணியில் இருந்தார். அறுபது பிள்ளைகள்கூட இல்லாத பாடசாலையை மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் பயிலும் கல்லூரியாக்கிவிட்டு அவர் விடைபெற்றார். நாட்டின் முன்னணிக் கல்லூரிகளின் வரிசையில் ஸாஹிராவின் பெயரும் சேர்ந்தது. முஸ்லிம்களின் கல்லூரியாயினும் அதன் கதவு மற்றவர்களுக்கு மூடப்படவில்லை. பிற சமூகத்து மாணவரும் ஆசிரியரும் அங்கே இருந்தனர். பிறர் பாடசாலைகளில் இடம் பெற்ற ஒருவர் தன் பாடசாலையில் பிறருக்கு இடம் கொடுத்தார்.

கொழும்பில் ஒரு கல்லூரி இருந்தால் போதாது என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். தலைநகருக்குப் பிள்ளையை அனுப்ப வசதியற்ற ஊர்களுக்கு ஸாஹிராவே போனது. கம்பளை, மாத்தளை, புத்தளம், அளுத்கம, கொம்பனித்தெரு ஆகிய இடங்களில் ஸாஹிராவின் கிளைகள் தோன்றின. கம்பளை ஸாஹிராவின் அதிபராக இருந்த பதியுதீன் மஹ்மூத் பின்னாளில் நாட்டின் கல்வி அமைச்சரானார். இன்று பல ஊர்களிலும் ஸாஹிரா என்ற பெயரில் பாடசாலைகள் இருப்பதைக் காண்கிறோம். அந்தப் பெயருக்கு நம் சமூகத்தில் ஒரு மதிப்பு உண்டானது ஜாயாவின் காலத்திலேதான்.

சட்டசபையில் ஒரு ஆசிரியர்

அதிபரான அடுத்த ஆண்டே, 1922 இல், அகில இலங்கை மலாய்ச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராக ஜாயா இருந்தார். பின்னர் அகில இலங்கை முஸ்லிம் லீக்கின் தலைவர்களுள் ஒருவராகவும் விளங்கினார். 1924 ஆம் ஆண்டில் சட்டநிரூபண சபை சீர்திருத்தப்பட்டபோது முஸ்லிம்களுக்கு மூன்று ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றுக்கு முஸ்லிம் வாக்காளர்களே வாக்களித்தனர். எச். எம். மாக்கான் மாக்கார், என். எச். எம். அப்துல் காதர் ஆகியோருடன் மூன்றாமவராகத் தெரிவு செய்யப்பட்டார் ஜாயா.

அந்நாளில் வாக்குரிமை எல்லோருக்கும் இருக்கவில்லை. சொத்து, வருமானம், எழுத்தறிவு ஆகியவற்றைக் கொண்டு அது வரையறுக்கப்பட்டிருந்தது. நாட்டு மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 4 பேருக்கே வாக்கு இருந்தது. பெண்களுக்கு அறவே இல்லை. செல்வமும் செல்வாக்கும் உள்ளவர்களுக்கே உரியதாயிருந்த அந்தச் சபையில், மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒரு பாடசாலை அதிபர் போய் அமர்ந்தார்.

1927 இன் இறுதியில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அதன் அறிக்கை இரண்டு பெரிய மாற்றங்களைச் சிபாரிசு செய்தது. ஒன்று, ஆண் பெண் இருபாலாருக்கும் சர்வஜன வாக்குரிமை. மற்றையது, இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்தல். முதலாவது மாற்றத்தின் பயனை இன்று நம் ஒவ்வொருவரின் வீட்டிலும் உம்மாவும் வாப்பாவோடு சமமாக அனுபவிக்கிறார். இரண்டாவது மாற்றமோ முஸ்லிம் தலைவர்களைக் கலங்க வைத்தது. நாடெங்கும் சிதறி வாழும் ஒரு சமூகம் பிரதேசத் தொகுதிகளில் எப்படி வெல்லும் என்பது அவர்களுடைய கேள்வி. சபையில் அத்திட்டம் 19 க்கு 17 என்ற இரண்டே வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது.

அவர்கள் அஞ்சியது நடந்தது. 1931 இல் நடந்த முதலாவது அரசாங்க சபைத் தேர்தலில் மட்டக்களப்புத் தெற்கில் மாக்கான் மாக்கார் ஒருவரே முஸ்லிம்களுள் வெற்றி பெற்றார். 1936 தேர்தலில் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. சபையில் தெரிவு செய்யப்பட்டோர் 50 பேர். அவர்களுள் முஸ்லிம் எவருமில்லை. இந்த நிலையில் தேசாதிபதி தமக்கிருந்த அதிகாரத்தைக் கொண்டு ஜாயாவையும் ஏ. ஆர். ஏ. ராசிக்கையும் நியமன உறுப்பினர்களாக்கினார். பிற்காலத்தில் சேர் ராசிக் பரீத் என்று புகழ்பெற்றவர் இந்த ராசிக்கே. 1946 இல் பம்பலப்பிட்டியில் முஸ்லிம் மகளிர் கல்லூரி உருவாக முன்னின்றவர் அவர். ஆண் பிள்ளைகளின் கல்விக்கு உழைத்த ஒருவரும் பெண் பிள்ளைகளின் கல்விக்கு உழைத்த ஒருவரும் ஒரே நாளில் நியமனம் பெற்றவர்களைப் போல ஒரே சபையில் அமர்ந்திருந்தார்கள்.

நியமன உறுப்பினர் ஒருவரின் நிலை இலகுவானதன்று. வாக்காளர் பலம் அவருக்குப் பின்னால் இல்லை. நியமித்தவர்களுக்கு நன்றியுள்ளவராக இருப்பார் என்ற எதிர்பார்ப்பு ஒரு பக்கம், சமூகத்தின் குறைகளை மட்டுமே பேசுவார் என்ற எதிர்பார்ப்பு மறு பக்கம். அவர் எந்த எதிர்பார்ப்புக்குள்ளும் அடங்கிவிடவில்லை என்பதைக் காட்டியது 1945 ஆம் ஆண்டு.

நிபந்தனை இல்லாத வாக்கு

இரண்டாம் உலகப் போர் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. சோல்பரி ஆணைக்குழு இலங்கையில் சாட்சியங்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. சிறுபான்மையோருக்குச் சமநிலைப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று ஜீ. ஜீ. பொன்னம்பலம் வாதாடிக்கொண்டிருந்தார். அந்நேரத்தில் இலங்கைக்கு டொமினியன் அந்தஸ்து கோரும் மசோதா அரசாங்க சபைக்கு வந்தது. அதை முன்னின்று நடத்தியவர் பண்டாரநாயக்கா.

முஸ்லிம் உறுப்பினர்கள் என்ன செய்வார்கள் என்பதை எல்லோரும் கவனித்தனர். பேரம் பேசுவதற்கு அதைவிட ஏற்ற வேளை கிடையாது. சிறுபான்மைகள் எதிர்க்கின்றன என்று காட்ட முடிந்தால் இலண்டன் அரசாங்கத்துக்குச் சுதந்திரத்தைத் தள்ளிப்போட நல்ல சாட்டுக் கிடைத்திருக்கும். இத்தனை ஆசனம் தாருங்கள், பிறகு கை உயர்த்துகிறோம் என்று சொல்ல ஜாயாவுக்குக் காரணங்களும் இருந்தன. இருபது ஆண்டுகளாகத் தம் சமூகத்தின் பிரதிநிதித்துவம் கரைந்து போவதைக் கண்ணால் கண்டவர் அவர். 1936 இல் தம் சமூகத்தவர் ஒருவருமே வெல்லாத தேர்தலின் விளைவாகவே அவர் அந்த ஆசனத்தில் அமர்ந்திருந்தார்.

ஆனால் அவர் எழுந்து மசோதாவை ஆதரித்துப் பேசினார். முஸ்லிம்களுக்கும் குறைகள் உண்டு, அச்சங்கள் உண்டு. ஆயினும் நாட்டின் விடுதலை என்ற கேள்வி வரும்போது அவற்றைக் காட்டி அவர்கள் குறுக்கே நிற்கமாட்டார்கள் என்பதே அவருடைய நிலைப்பாட்டின் சாரம். மசோதா 40 க்கு 7 என்ற வாக்குகளால் நிறைவேறியது. பிரித்தானியா அதை ஏற்கவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த ஆண்டு நவம்பரில் சோல்பரித் திட்டத்தின் அடிப்படையிலான வெள்ளையறிக்கை வாக்கெடுப்புக்கு வந்தபோது 51 பேர் ஆதரித்து 3 பேர் மட்டுமே எதிர்த்தனர். சமூகங்கள் ஒன்றையொன்று நம்பி ஒரே பக்கத்தில் நிற்க முடியும் என்பது அந்த எண்ணிக்கையில் தெரிந்தது.

அவர் செய்தது சரிதானா என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். கையிலிருந்த ஒரே ஆயுதத்தை விலை பேசாமல் கொடுத்துவிட்டார் என்று சொல்லலாம். சுதந்திரத்தின் பின் இந்நாட்டுச் சிறுபான்மைகள் கண்டவற்றை எண்ணும்போது அக்கேள்வியை ஒதுக்கிவிடவும் முடியாது. ஆனால் அவர் வந்த வழியை நினைத்துப் பார்க்க வேண்டும். கலவரத்தின் சூடு ஆறாத காலத்தில் ஆனந்தாவின் வகுப்பறைக்குள் நம்பிக்கையோடு நுழைந்தவர் அவர். அங்கே அவருக்கு முன்னால் இருந்த பிள்ளைகளும் அவரை நம்பினார்கள். முதலில் நம்பிக்கையை ஒரு பக்கம் வைக்க வேண்டும், அப்போதுதான் மறு பக்கத்திலிருந்தும் அது வரும் என்பதை ஆசிரியர் ஒவ்வொருவரும் வகுப்பறையில் அறிவார். 1917 இல் தனி மனிதராகச் செய்ததை 1945 இல் ஒரு சமூகத்தின் பெயரால் செய்தார். அது ஏமாற்றப்பட்டால் குற்றம் நம்பியவர் மீது சாராது.

அமைச்சரும் தூதுவரும்

1947 இல் முதலாவது பாராளுமன்றத் தேர்தல் நடந்தது. சிறுபான்மையினரும் தெரிவாக வாய்ப்பளிக்கும் வகையில் சோல்பரி யாப்பில் பல அங்கத்தவர் தொகுதிகள் ஏற்படுத்தப்பட்டிருந்தன. கொழும்பு மத்தி அவற்றுள் ஒன்று. அதிலிருந்து தெரிவான மூவரைப் பாருங்கள்: சிங்களவரான தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க, மலாய் முஸ்லிமான ஜாயா, பறங்கியரான கம்யூனிஸ்ட் பீற்றர் கெனமன். ஒரே வாக்காளர்கள் மூன்று சமூகத்தவரை ஒன்றாக அனுப்பிவைத்தனர். தம் சமூகத்தின் வாக்கினாலும் தேசாதிபதியின் நியமனத்தினாலும் முன்பு சபைக்குப் போனவர், இம்முறை எல்லாச் சமூகத்தாரின் வாக்கையும் கேட்டுப் போனார்.

டி. எஸ். சேனாநாயக்காவின் முதல் அமைச்சரவையில் தொழில், சமூக சேவைகள் அமைச்சராக ஜாயா நியமிக்கப்பட்டார். 1948 பெப்ரவரி 4 இல் நாடு சுதந்திரம் பெற்றபோது அவர் அமைச்சராக இருந்தார். அமைச்சுப் பொறுப்பினால் ஸாஹிராவை விட வேண்டியதாயிற்று. இருபத்தேழு ஆண்டுகள் வளர்த்த கல்லூரியை 1948 இல் ஏ. எம். ஏ. அஸீஸ் பொறுப்பேற்றார். சிவில் சேவையில் உயர் பதவியில் இருந்தவர் அதை உதறிவிட்டு ஒரு பாடசாலைக்கு அதிபராக வந்தார். அந்த அளவுக்கு ஸாஹிராவின் அதிபர் பதவியை மதிப்புக்குரியதாக்கியிருந்தார் ஜாயா.

ஒரு விடயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே 1948 ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அமைச்சரவையில் இருந்த சி. சுந்தரலிங்கம் குடியுரிமைப் பிரச்சினையில் பதவி விலகினார். ஜாயா விலகவில்லை. தொழில் அமைச்சர் என்ற வகையில் தொழிலாளருக்கு நேர்ந்த அந்த அநீதியில் அமைச்சரவையின் கூட்டுப் பொறுப்பு அவரையும் சாரும். பெரியார்களின் வாழ்வை எழுதும்போது இத்தகைய இடங்களைத் தாண்டிக் குதித்துவிடுவது நம் வழக்கம். அவருடைய மதிப்பு குறைந்துவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. நம்பிக்கையைத் தம் சமூகத்தின் சார்பில் கொடுத்த அதே மனிதர், இன்னொரு சமூகத்தின் நம்பிக்கை முறிக்கப்பட்டபோது அந்த அவையில் இருந்தார் என்பதை அறிந்துகொள்வதும் வரலாறுதான்.

1950 ஆம் ஆண்டில் பாகிஸ்தானுக்கான இலங்கை உயர்ஸ்தானிகராக அவர் நியமிக்கப்பட்டார். பாகிஸ்தான் தோன்றி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. கராச்சி அதன் தலைநகராக இருந்தது. அந்தப் புதிய நாட்டில் நம் நாட்டின் பிரதிநிதியாக அவர் பணியாற்றினார்.

இறுதிப் பயணம்

1960 ஆம் ஆண்டில் ஹஜ்ஜுக் கடமையை நாடி அவர் புனித பூமிக்குச் சென்றிருந்தார். அந்த ஆண்டு மே மாதம் 31 ஆம் திகதி, ஹஜ்ஜுக்குச் சில நாட்களே இருந்த வேளையில், மதீனா முனவ்வராவில் அவர் வபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். சஹாபாக்கள் பலர் துயிலும் ஜன்னத்துல் பகீயில் நல்லடக்கம் செய்யப்பட்டார். கலகெதரவில் தொடங்கிய வாழ்வு நபிகளாரின் நகரில் நிறைவுற்றது. எந்த முஃமினும் விரும்பும் முடிவு அது.

அவர் மறைந்து பல தசாப்தங்கள் ஓடிவிட்டன. அரசாங்க சபையும் இல்லை, அன்று அவரோடு கை உயர்த்தியவர்களும் இல்லை. ஆனால் அவர் கட்டிய பாடசாலைகள் இருக்கின்றன. காலையில் மணி அடித்ததும் அங்கே பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். பிள்ளையைப் படிக்க அனுப்பினால் மார்க்கம் போய்விடும் என்று அஞ்சிய சமூகத்தின் மகள்மார் நாம் இன்று வைத்தியராகவும் ஆசிரியையாகவும் சட்டத்தரணியாகவும் வரக் கனவு காண்கிறோம். அந்தக் கனவுக்கு வழி திறந்த கைகளுள் ஒன்று சோக்கட்டி பிடித்த அவருடைய கை.

அடுத்த முறை அந்த மாவத்தையால் போகும்போது, சகோதரிகளே, பெயர்ப் பலகையை ஒரு தரம் நிமிர்ந்து பாருங்கள். அமைச்சர் என்று நினைக்காமல், அறுபது பிள்ளைகள்கூட இல்லாத பாடசாலையின் வாசலில் 1921 இல் வந்து நின்ற முப்பத்தொரு வயது ஆசிரியர் என்று நினைத்துப் பாருங்கள்.

வல்ல நாயன் அன்னாரின் நற்பணிகளை ஏற்று, ஜன்னத்துல் பிர்தௌஸ் என்னும் உயர்ந்த சுவனபதியை வழங்குவானாக. ஆமீன்.